மார்பில் குத்திய பூவும் மறைத்த கணக்கும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரை முகவரியாகக் கொண்டு 'யு.எஸ். நேவி வெட்டரன்ஸ் அசோசியேஷன்' என்றொரு அமைப்பு இயங்கியது. பெயரிலேயே கடற்படை, நாடு முழுக்கக் கிளைகள், நீண்ட பொறுப்பாளர் பட்டியல், அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுடன் அதன் தலைவர் நின்றெடுத்த புகைப்படம் என்று, ஒரு தொண்டு அமைப்பை மக்கள் நம்புவதற்கு வேண்டிய எல்லாமே அதனிடம் இருந்தன. தொலைபேசியில் நன்கொடை கேட்டே அது ஏறத்தாழ 10 கோடி டாலர் திரட்டியது. 2010இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர்கள் அந்தப் பட்டியலில் இருந்த 85 பொறுப்பாளர்களைத் தேடிப் புறப்பட்டார்கள். அகப்பட்டவர் ஒரே ஒருவர்: பாபி தாம்ப்சன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தலைவர். அந்தப் பெயரும் இன்னொருவரிடமிருந்து திருடியது. 2012இல் போர்ட்லாந்தில் அவர் பிடிபட்ட பிறகுதான், ஹார்வர்டில் சட்டம் படித்த ஜான் டொனால்ட் கோடி அவர் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு 28 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

முன்னாள் படைவீரருக்கான தொண்டில் பெயரும் சின்னமும் உள்ளே ஆளே இல்லாமல் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. மற்றத் தொண்டு அமைப்புகள் தங்கள் நோக்கத்தை மக்களுக்கு விளக்கிப் புரியவைக்கவே பாதிக் காலத்தைச் செலவிடுகின்றன. சீருடைக்கு அந்தச் சிரமம் இல்லை. மரியாதை முன்கூட்டியே இருக்கிறது. அமைப்பு அதைக் கடனாக வாங்கினால் போதும். கடன் கொடுத்தவர் பொதுமக்கள் என்று தோன்றும். உண்மையில் ஈடாக வைக்கப்படுவது படைவீரரின் முகம். இந்தத் துறையின் மக்கள் தொடர்பு பற்றிய எல்லாக் கேள்விகளையும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த முகத்தை எப்படிக் காட்டினார்கள், அதனால் யாருக்கு லாபம் வந்தது, முகத்துக்கு உரியவருக்கு என்ன ஆயிற்று?

இத்துறையின் மூத்த அமைப்புகள் சில செய்தித்தாளின் மடியில் பிறந்தவை. 1885இல் எகிப்துப் போர்முனைக்குப் புறப்பட்ட பிரித்தானியப் படையினரின் குடும்பங்களைக் கவனிக்கப் பணமும் தன்னார்வலர்களும் வேண்டும் என்று மேஜர் ஜேம்ஸ் கில்டீ லண்டன் டைம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம்தான் இன்று 'சாஃபா' என்று அறியப்படும் அமைப்பின் தொடக்கம். 1899இல் போயர் போரின்போது டெய்லி மெயில் பத்திரிகை ருட்யார்ட் கிப்ளிங்கிடம் கவிதை எழுதி வாங்கி, ஆர்தர் சல்லிவனைக் கொண்டு இசையமைத்து, இசையரங்குகளில் பாடவைத்து, படையினர் குடும்பங்களுக்காக 2.5 லட்சம் பவுண்டு அளவில் நிதி திரட்டியது. பாட்டு, பிரபலம், பத்திரிகை ஆகிய மூன்றையும் ஒரே நுகத்தில் பூட்டும் உத்தி அன்றே முழுமையாக உருவாகிவிட்டது. நூறாண்டு கழித்துத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்காரர்கள் செய்ததும் அதேதான்.

1915இல் வந்த ஆர்தர் பியர்சனின் முயற்சி இன்னும் சுவாரஸ்யமானது. அவர் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையைத் தொடங்கியவர். கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். போரில் கண்ணிழந்து திரும்பியவர்களுக்காக லண்டனில் அவர் நிறுவிய பயிற்சி இல்லம், அது இருந்த மாளிகையின் பெயரால் 'செயின்ட் டன்ஸ்டன்ஸ்' ஆனது. பத்திரிகைக்காரரான பியர்சனுக்கு விளம்பரத்தின் பலம் தெரியும். பார்வையற்றவரான பியர்சனுக்கு இரக்கத்தின் எரிச்சலும் தெரியும். கண்ணிழந்த படைவீரர் தட்டச்சு செய்கிறார், கோழிப்பண்ணை நடத்துகிறார், தசைநோய்களுக்கு உருவி மருத்துவம் செய்கிறார் என்றுதான் அந்த இல்லம் தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்டது. அதன் கிளை இந்தியாவுக்கும் வந்தது. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்காக 1943இல் டேராடூனில் தொடங்கிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதிதான், பார்வையற்றோருக்கான இன்றைய தேசிய நிறுவனத்தின் வித்து. ஆனால் ஒரு மாளிகையின் பெயர் எத்தனை தலைமுறைக்குப் பொருள் தரும்? ஏதோ ஒரு தேவாலயம் என்று நினைப்போர் பெருகினார்கள். 2012இல் அமைப்பு 'பிளைண்ட் வெட்டரன்ஸ் யு.கே.' என்று பெயரை மாற்றிக்கொண்டது. கவர்ச்சி குறைந்த பெயர்தான். ஆனால் உதவி தேவைப்படும் கிழவர் ஒருவர் தொலைபேசி எண்ணைத் தேடும்போது, கவர்ச்சியால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்தத் துறையில் சின்னம் என்றால் அது பாப்பிப் பூ. கனடாப் படை மருத்துவர் ஜான் மெக்ரே 1915இல் எழுதிய போர்க்களக் கவிதை, அதைப் படித்துவிட்டு 1918இல் பட்டுப் பாப்பியை அணியத் தொடங்கிய அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், போரில் சிதைந்த பிரெஞ்சுக் கிராமங்களின் பெண்களைக் கொண்டு துணிப்பூ செய்யவைத்து நாடு நாடாக எடுத்துச்சென்ற அன்னா கெரேன் என்று மூன்று கை மாறித்தான் அது லண்டனுக்கு வந்தது. 1921 மே மாதம் தொடங்கிய முன்னாள் படைவீரர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜியன், அவ்வாண்டு போர்நிறுத்த நினைவுநாளான நவம்பர் 11க்காக 90 லட்சம் பூக்களை வரவழைத்தது. அத்தனையும் விற்றுத் தீர்ந்து 1,06,000 பவுண்டு சேர்ந்தது. மறு ஆண்டே மேஜர் ஜார்ஜ் ஹௌசன் லண்டனில் ஒரு பூத் தொழிற்கூடம் அமைத்தார். அங்கே பூ செய்தவர்கள் போரில் உறுப்பிழந்தவர்கள். கை ஊனமுற்றவரும் எளிதில் கோத்துவிடும்படியே பூவை வடிவமைத்தார்கள்.

பாப்பியின் வெற்றிக்கான காரணமாக நான் கருதுவது இந்த அமைப்பு முறையைத்தான். சின்னம், நிதி, வேலை மூன்றும் ஒரே பொருளுக்குள் அடங்கின. பூவைச் செய்தவர் சம்பளம் பெற்றார். விற்றவர் தன்னார்வலர். வாங்கியவர் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு தானே நடமாடும் விளம்பரம் ஆனார். இன்றும் நவம்பர் வந்தால் ஏறத்தாழ 40,000 தன்னார்வலர்கள் உண்டியலோடு தெருவுக்கு வருகிறார்கள். விளம்பர நிறுவனம் எதுவும் பணம் கொடுத்து வாங்க முடியாத படை அது. இன்னொன்று, பூவில் காயம் இல்லை, ரத்தம் இல்லை, எந்தப் படைவீரரின் முகமும் இல்லை. யாரையும் பரிதாபப் பொருளாக்காமல் எல்லோரையும் நினைக்கவைக்கிறது. வெகுகாலம் பூவின் நடுக் கருப்புப் பொட்டில் 'ஹெய்க் நிதி' என்று தளபதி ஹெய்க்கின் பெயர் இருந்தது. ஆயிரக்கணக்கில் வீரர்களைச் சாவுக்கு அனுப்பியவர் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குற்றம் சாட்டும் தளபதி அவர். 1994இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'பாப்பி அப்பீல்' என்று போட்டார்கள். பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் நடந்த நல்ல திருத்தம்.

சின்னம் அளவுக்கு மீறி வெற்றி பெற்றால் அது அமைப்பின் கையை விட்டுப் போய்விடும். கனடாவில் 1948 முதல் பாப்பி அந்நாட்டு லீஜியனின் வணிகச்சின்னம். அனுமதியின்றி அச்சிட முடியாது. அச்சைக் கட்டுப்படுத்தலாம், பொருளைக் கட்டுப்படுத்த முடியுமா? 1933இலேயே கூட்டுறவு மகளிர் சங்கத்தினர் போரே வேண்டாம் என்று வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தார்கள். 2006இல் செய்தி வாசிப்பாளர் ஜான் ஸ்னோ, திரையில் பூ அணியாததற்காக வந்த வசவுகளைப் பார்த்துவிட்டு, இது பாப்பிப் பாசிசம் என்றே சொன்னார். வட அயர்லாந்தின் டெரியில் பிறந்த கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்ளீன் பூப் பொறித்த சட்டையை அணிய மறுத்து ஆண்டுதோறும் வசை வாங்கினார். காரணம், 1972இல் அவருடைய ஊரில் பொதுமக்களைச் சுட்டது பிரித்தானியப் படை. 2016இல் பூவோடு விளையாடிய இங்கிலாந்து, ஸ்காட்லாந்து அணிகளுக்கு ஃபிஃபா அபராதம் விதித்தது. மறு ஆண்டு விதி தளர்ந்தது. அரசியல்வாதிகளும் கால்பந்து ரசிகர்களும் பூவைத் தேசபக்திச் சோதனைத் தாளாக்கியபோது, லீஜியன் மட்டும் பூ அணிவது அவரவர் விருப்பம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கட்டாயப்படுத்தினால் சின்னம் மதிப்பிழக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் நாட்டுத் தேசபக்தி வியாபாரிகளுக்கு இந்த நுட்பம் இன்னும் எட்டவில்லை.

2014இல் முதல் உலகப்போரின் நூற்றாண்டுக்காக லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் 8,88,246 மண்பாண்டப் பாப்பிகளை நட்டார்கள். பிரித்தானியப் பேரரசின் தரப்பில் இறந்த ஒவ்வொரு வீரருக்கும் ஒன்று. ஒன்று 25 பவுண்டு வீதம் விற்று ஆறு படைவீரர் அமைப்புகளுக்குப் பங்கு தந்தார்கள். ஏறத்தாழ 50 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். கலை என்ற அளவில் அது போரின் கொடூரத்தை அழகாக்கிவிட்டது என்ற விமர்சனமும் எழுந்தது. அதில் நியாயம் உண்டு.

பூவில் முகம் இல்லை என்றேன். 2000களில் வந்த புதிய அமைப்புகள் முகத்தைக் கொண்டுவந்தன, காயத்தோடு சேர்த்து. 2007 அக்டோபரில் பிரித்தானியாவில் பிரின் பேரியும் எம்மா பேரியும் 'ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்' தொடங்கினார்கள். கணவர் முன்னாள் படைவீரர், கேலிச்சித்திரக்காரர். பர்மிங்காம் செல்லி ஓக் மருத்துவமனையில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கைகால் இழந்து கிடந்த இளைஞர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஹெட்லி கோர்ட் மறுவாழ்வு மையத்துக்கு ஒரு நீச்சல் குளம் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். கோரிக்கை குளம் அளவுக்கு எளிமையாக, கண்ணுக்குத் தெரிவதாக இருந்தது. தூக்குப்படுக்கையில் காயம்பட்டவரைச் சுமக்கும் இருவரின் நிழலுருவம் சின்னமானது. முப்படை நிறங்களில் மணிக்கட்டுப் பட்டை, 'சன்' நாளிதழின் ஆதரவு, 2008இல் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டியாளர்கள் பாடி முதலிடம் பிடித்த பாட்டு என்று அலை எழுந்தது. ஈராக் போரை வெறுத்த நாடு அது. போர் சரியா தவறா என்ற பேச்சுக்கே போகமாட்டோம், அடிபட்ட பையன்களைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று பேரி தம்பதியர் போட்ட கோடுதான் எதிரெதிர் அரசியல் கொண்டவர்களையும் ஒரே பட்டையை அணியவைத்தது.

இந்த அலைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் காயமே படாத படைவீரர்கள். 2012இல் ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பில், படையை விட்டு வருவோருக்கு உடல், மனம், உணர்வு சார்ந்த ஏதோ ஒரு கோளாறு இருப்பது வழக்கம் என்று நம்பியவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். உண்மை நிலவரம் என்ன? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, அக்காலத்துப் படையினரிடையே போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் 6 சதவீதம் அளவில் இருந்தது. நேரடிச் சண்டைப் பணியில் இருந்து, பின் படையை விட்டு விலகியவர்களிடையே மட்டும் 17 சதவீதம். அந்த 17 சதவீதம் சிறிய எண் இல்லை. அவர்களுக்கு உதவி வேண்டும், பணம் வேண்டும். ஆனால் பத்தில் ஒன்பது என்ற பொது எண்ணம், நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரையும் கணக்கரையும் சேர்த்துப் பாதிக்கிறது. வேலை கொடுப்பவரின் மனத்தில் அவர் எந்த நேரமும் வெடிக்கக்கூடிய ஆள். நன்கொடை வாங்கித் தந்த சுவரொட்டியே வேலையைப் பறித்துவிடுகிறது. இதற்காக எந்த அமைப்பையும் சதிகாரர் என்று சொல்லவில்லை. இரக்கம் சீக்கிரம் பணம் தரும், அடுத்த ஆண்டு அதைவிடக் கூடுதலான இரக்கம் தேவைப்படும். நல்லவர்களையும் இழுத்துச்செல்லும் சுழல் இது.

சுழலின் உச்சத்தை அமெரிக்காவின் 'வூண்டட் வாரியர் ப்ராஜெக்ட்' தொட்டது. 2003இல் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த வீரர்களுக்கு மாற்றுத்துணி, பற்பசை வைத்த முதுகுப்பை கொடுக்கும் சிறு முயற்சியாகத் தொடங்கியது. ஒரு வீரர் இன்னொருவரைத் தோளில் சுமக்கும் நிழலுருவம் அதன் சின்னம். பத்தே ஆண்டில் அது தொலைக்காட்சியை நிறைத்தது; ஆண்டு வருமானம் 30 கோடி டாலரைத் தாண்டியது. நெப்ராஸ்காவில் கிட்டத்தட்ட அதே பெயரில் இயங்கிய வேறோர் அமைப்புக்குத் தவறிப்போன நன்கொடைகளுக்காக வழக்குத் தொடுத்து 17 லட்சம் டாலர் பெற்றது. அந்த வழக்கிலாவது நியாயம் இருந்தது. பிறகு ஊர்ப்புறத்துச் சிறு தொண்டு அமைப்புகள் பெயருக்காகவும் சின்னத்துக்காகவும் வக்கீல் நோட்டீஸைப் பார்த்து நடுங்கியபோது, சின்னத்தைக் காப்பதும் படைவீரரைக் காப்பதும் வேறு வேறு வேலைகளாகிவிட்டன.

2016 ஜனவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸும் அமைப்பின் முன்னாள் ஊழியர்களைப் பேசவைத்தன. ஆடம்பர விடுதிகளில் ஊழியர் மாநாடுகள், கொலராடோவில் நடந்த ஒன்றில் தலைமை நிர்வாகி கட்டிடத்தின் மேலிருந்து கயிற்றில் இறங்கி மேடைக்கு வந்த கோலாகலம் எல்லாம் வெளியே வந்தன. மார்ச்சில் தலைமை நிர்வாகியையும் அடுத்த நிலை அதிகாரியையும் வெளியேற்றினார்கள். நன்கொடை சரிந்தது.

கயிற்றில் இறங்கிய காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கு நுணுக்கம். செலவில் 80 சதவீதத்துக்கும் மேல் வீரர்களுக்கே போகிறது என்று அமைப்பு சொல்லிவந்தது. செனட்டர் கிராஸ்லியின் விசாரணை அறிக்கை 2017இல் அதை 68 சதவீதம் என்றது. இடைவெளி எப்படி வந்தது? நன்கொடை கேட்கும் கடிதத்திலும் விளம்பரத்திலும் வீரர்களின் நிலை பற்றி நான்கு வரி இருந்தால், அச்செலவில் ஒரு பங்கை 'பொதுமக்களுக்கு விழிப்புணர்வு' என்று சேவைக் கணக்கில் எழுத அமெரிக்கக் கணக்கியல் விதிகள் இடம் கொடுக்கின்றன. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் 20 டாலர் கொடுத்த பாட்டி, அது இன்னொரு பாட்டிக்கு அனுப்பும் கடிதத்தின் தபால்தலையாகும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. விளம்பரமே சேவை என்று எழுதத் தொடங்கிய நாளில் ஒரு தொண்டு அமைப்பின் சரிவு தொடங்குகிறது. 2018இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் மாநிலங்களோடு சேர்ந்து போலிப் படைவீரர் தொண்டுகள் மீது நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகளை அறிவித்தபோது, நல்ல அமைப்புகளின் உண்டியலும் சேர்ந்தே இளைக்கும் அபாயம் வந்தது.

காயத்தைத் தவிர்த்து வேறு வழியில் முகம் காட்டியவர்களும் உண்டு. 2010 ஜனவரி ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது முன்னாள் கடற்படைக் காலாட்கள் ஜேக் உட், வில்லியம் மெக்னல்ட்டி உள்ளிட்ட சிலர் தாங்களாகவே மருந்துப் பெட்டியோடு கிளம்பிப் போனதில் பிறந்தது 'டீம் ரூபிகான்'. புயல், வெள்ளம் வந்த ஊரில் சாம்பல் நிறச் சட்டை போட்ட முன்னாள் படைவீரர்கள் மரம் அறுக்கிறார்கள், சேறு அள்ளுகிறார்கள். உதவி பெறுபவர் என்ற இடத்திலிருந்து உதவி செய்பவர் என்ற இடத்துக்குப் படைவீரரை அது நகர்த்தியது. வெளியே வந்தபின் பலரை வாட்டுவது நோக்கமில்லாமை என்ற அதன் கணிப்புக்கும் இந்தச் சட்டைதான் மருந்து. அமைப்பின் ஆரம்பகாலத் தோழர் கிளே ஹன்ட் 2011இல் தற்கொலை செய்துகொண்ட துயரத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. அவர் பெயரில் 2015இல் தற்கொலைத் தடுப்புச் சட்டம் ஒன்றே வந்தது. காயமுற்ற படைவீரர்களுக்காக 2014இல் லண்டனில் இளவரசர் ஹாரி தொடங்கிய இன்விக்டஸ் விளையாட்டுப் போட்டிகளும் இந்த வகைதான். செயற்கைக் காலோடு ஓடுபவரைப் பார்ப்பவர், எத்தனை நொடியில் ஓடி முடித்தார் என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். லீஜியனும் 2016இல் நினைவேந்தலை மறுபடி யோசியுங்கள் என்ற பிரச்சாரத்தில், கிழவர்களின் வாயால் போர் நினைவைச் சொல்லவைத்து, அது பக்கத்தில் நிற்கும் இளைஞரின் அனுபவம் என்று இறுதியில் காட்டியது. படைவீரர் என்றதும் எண்பது வயது மனிதர் நினைவுக்கு வருவதை உடைக்க, எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான வழி கையாளப்படவில்லை.

இந்தியாவில் இந்த வேலை பெரும்பாலும் அரசின் கையில் இருக்கிறது. 1949 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சரின் குழு எடுத்த முடிவின்படி டிசம்பர் 7 கொடிநாள் ஆனது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளின் நிறம் கொண்ட சிறு கொடி. மத்தியில் கேந்திரிய சைனிக் போர்டு, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பாப்பியைப் போலவே அணியத்தக்க, முகமில்லாத, எளிய சின்னம்தான் இதுவும். ஆனாலும் பாப்பி பெற்ற இடத்தை இது பெறவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து துறைகளுக்கு இலக்கு வருகிறது, துறையிலிருந்து பள்ளிக்கு வருகிறது, பள்ளியில் வகுப்பாசிரியர் பிள்ளைகளிடம் பணம் வசூலிக்கிறார். கொடி வாங்கியவருக்குக் கொடுத்த நினைவு மட்டும் இருக்கிறது, யாருக்குக் கொடுத்தோம் என்ற கதை இல்லை. கொடியைச் செய்தவர் யார், விற்றவர் யார் என்பதிலும் ஒரு படைவீரரைக் காணோம்.

அரசு விட்ட வெற்றிடத்தில் வதந்தி புகுந்தது. 2016இல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது: நடிகர் அக்ஷய் குமார் சொன்ன யோசனைப்படி அரசு வங்கிக் கணக்கு திறந்திருக்கிறது, தினம் ஒரு ரூபாய் போட்டால் ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கலாம். கணக்கு உண்மை, நோக்கம் பொய். போரில் இறந்தோர், ஊனமுற்றோர் குடும்பங்களுக்கான நிதி அது. பாதுகாப்பு அமைச்சகம் மறுத்தது. 2025 ஏப்ரலில் அதே வதந்தி மறுபடி உலவ, மறுபடி மறுத்தது. ஆயுதம் என்றால் விரல் பகிர்கிறது. விதவை, ஊனம் என்றால் அறிக்கையோடு நின்றுவிடுகிறது.

இதே அக்ஷய் குமார் தொடர்புடைய 'பாரத் கே வீர்' தளம் 2017 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தால் தொடங்கப்பட்டது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்பலாம். அதில் ஒரு விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு குடும்பத்துக்குச் சேர்வது 15 லட்சம் ரூபாயைத் தொட்டதும், வேறு குடும்பத்துக்கோ பொது நிதிக்கோ கொடுக்கும்படி நன்கொடையாளருக்குத் தளம் சொல்லிவிடும். செய்தியில் பிரபலமான மரணத்துக்குப் பணம் கொட்டும், பெயர் தெரியாமல் போனவரின் வீட்டுக்கு எதுவும் வராது என்ற இயல்பை முன்கூட்டி யோசித்த விதி அது. மக்கள் தொடர்பு உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை மக்கள் தொடர்பாளர்களே திருத்துவது அரிது. ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், ஆயுதக் காவல் படைகள் உள்துறையின் கீழ், இரண்டுக்கும் தனித்தனி நிதி என்ற வேறுபாடு மட்டும் இன்னும் மக்களுக்குப் புரியவைக்கப்படவில்லை.

முன்னாள் படைவீரர்களே தங்களுக்காகப் பேசிய பெரிய நிகழ்வு 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொடங்கியது. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை சிக்கலான கணக்கு. சாதாரண மனிதருக்கு விளங்காது. ஆனால் பதக்கங்களை மார்பில் வரிசையாகக் குத்திய வெண்தலை மனிதர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்த காட்சி விளங்கியது. ஆகஸ்ட் 14 அன்று காவல்துறை அவர்களை அப்புறப்படுத்த முயன்ற படங்கள் நாட்டை உலுக்கின. செப்டம்பர் 5 அன்று அரசு திட்டத்தை அறிவித்தது. சுவரொட்டி நிபுணர் யாரும் அந்தக் காட்சியை வடிவமைக்கவில்லை.

அரசியல்வாதிகள் இதைப் பார்க்காமல் இருப்பார்களா? 2019இல் சென்னையைச் சேர்ந்த விமானப்படை விமானி அபிநந்தன் வர்த்தமானின் படம் கட்சிப் பதாகைகளில் ஏறியது. படையினரின் படத்தைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற 2013ஆம் ஆண்டு அறிவுரையைத் தேர்தல் ஆணையம் மீண்டும் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் நாம் எங்கிருந்து தொடங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். 'மிலிட்டரிக்காரர்' என்றதும் நம் ஊரில் எழும் படங்கள் மூன்று: சினிமாவில் வரும் பெரிய மீசை, கேன்டீன் பாட்டில், ஏ.டி.எம். வாசலில் இருக்கும் காவலாளி நாற்காலி. அரசு நிறுவனமான டெக்ஸ்கோ 1986 முதல் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை வாங்கித் தந்திருக்கிறது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் அதில் பெரும்பகுதி பாதுகாவலர் வேலை. ரேடார் பழுது பார்த்தவரும் பாலம் கட்டிய பொறியாளர் படைக்காரரும் கிடங்குக் கணக்கைக் கணினி போலச் சமாளித்த கிளார்க்கும் வாசலில் உட்கார்வது அவர்களுக்குத் திறமை இல்லாததால் இல்லை. நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் படையிலிருந்து வெளியே வருகிறார்கள். பலருக்கும் வயது நாற்பதைத் தொட்டிருக்காது. 2022இல் அறிவித்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தின் விதிப்படி, அதில் சேர்ந்தவர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் நான்காண்டு முடிந்ததும் ஓய்வூதியம் இல்லாமல் திரும்புவார்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்குப் பெரிய மீசையும் நாற்காலியும் எப்படிப் பொருந்தும்?

நம் மாவட்டங்களில் இயங்கும் முன்னாள் படைவீரர் சங்கங்களின் விளம்பர முறையும் பேசப்பட வேண்டும். விழா என்றால் ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸில் சங்கத் தலைவர் முகம் பெரிது, நினைவுகூரப்படும் வீரர் முகம் ஸ்டாம்பு அளவு. மேடையில் வீரரின் மனைவிக்குப் பொன்னாடை, ஆளுயரக் காசோலை அட்டை, கேமராவுக்காக அவர் இரண்டு முறை கையேந்தி நிற்பது. பத்தாயிரம் ரூபாய் உதவிக்கு இருபதாயிரம் ரூபாயில் பந்தல். அந்தப் பெண்ணிடம் படம் எடுக்கலாமா, முகநூலில் போடலாமா என்று முன்னரே கேட்கும் சங்கங்கள் இருக்கின்றன, குறைவு. பல சங்கங்களின் கடிதத்தாளில் அசோகத் தூணின் சிங்கமுத்திரை இருக்கிறது. 2005ஆம் ஆண்டு அரசு முத்திரைச் சட்டப்படி அது குற்றம். படையின் முத்திரையைத் தனியார் சங்கம் போட்டுக்கொள்வதும் டாம்பா நகரத்து ஆள் கையாண்ட தந்திரத்தின் சிறு வடிவம்தான், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, முன்னாள் படைவீரர்கள், போரில் கணவரை இழந்தவர்கள், அவர்களைச் சார்ந்தோர் நலனுக்கான செலவைச் சமூகப் பொறுப்பு நிதியில் சேர்க்க இடம் தருகிறது. தொழிற்சாலைகள் நிறைந்த கோவையிலும் ஓசூரிலும் ஒரு சங்கம் இந்த வரியைக் காட்டி நிர்வாகியைப் பார்க்கப் போகலாம். போகும்போது கண்ணீர்ப் படம் வேண்டாம். ஓய்வு பெற்ற ஹவில்தார் முன்பு எந்தப் பொறுப்பில் இருந்தார், இப்போது எந்த இயந்திரத்தை இயக்குவார் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்த வரவுசெலவை, விழாச் செலவு தனி, உதவி தனி என்று பிரித்து, சங்கப் பலகையிலும் செல்போனிலும் வெளியிடுங்கள். உதவி பெற்றவர் ஒருவரையாவது நிர்வாகக் குழுவில் வைத்து, எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்பதில் அவருக்கு மறுக்கும் உரிமை கொடுங்கள். பத்திரிகையாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரே ஒருவரை முன்னரே நியமித்து வையுங்கள். 2016இல் வூண்டட் வாரியர் ப்ராஜெக்டின் தலைமையைக் கவிழ்த்ததில் முன்னாள் ஊழியர்களின் குறைகளை உள்ளேயே கேட்காததற்கும் பெரிய பங்கு உண்டு.

கொடிநாளையும் காப்பாற்ற முடியும். ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தாரும் அதற்குக் கீழ்ப்பட்ட பதவியும் வகித்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கொடிநாள் நிதியிலிருந்து மாதம் 4,000 ரூபாய் உதவி வழங்கப்பட்டுவந்தது. 2025 நவம்பர் முதல் அது 8,000 ஆகியிருக்கிறது. இந்த ஒரு தகவலைக் கொடியின் பின்புறத்தில் அச்சிட ஆகும் மை சில பைசாதான். வரும் டிசம்பர் 7 அன்று உங்கள் பிள்ளையின் பள்ளியிலோ அலுவலகத்திலோ கொடி நீட்டப்பட்டால் வாங்கிக் குத்திக்கொள்ளுங்கள். இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அதையே ஒரு கடிதமாக எழுதிப் போடுங்கள்.